‘காணும்’ என்றால் காணும்

எங்கள் வீடுகளில் பிள்ளைகள் முதலில் பழகிக்கொள்ளும் தமிழ்ச் சொற்களில் ஒன்று ‘காணும்’. இந்தியத் தமிழர் வீடுகளில் அதே இடத்தில் ‘போதும்’ வரும். தமிழ் அவ்வளவாக வராத பிள்ளை கூட சாப்பாட்டுக் கோப்பைக்கு மேல் இரண்டு கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு “காணும், காணும்” என்று சொல்லும். சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு அகப்பை சோறு விழும். “வளருற பிள்ளை, வடிவாச் சாப்பிடு.” இந்தக் காட்சியைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் இருக்குமா தெரியாது.

ஆரோக்கியச் சாப்பாடு பற்றி எங்களுக்குக் கிடைக்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் பட்டியல்தான். இதைச் சாப்பிடு, அதை விடு, இத்தனை கலோரி. ஆனால் எங்கள் வீடுகளில் சாப்பாடு எப்போதாவது தனி ஆளின் விஷயமாக இருந்திருக்கிறதா? யார் சமைக்கிறார், யார் பரிமாறுகிறார், எத்தனை மணிக்கு, யார் வற்புறுத்துகிறார், மறுத்தால் யாருக்கு மனம் நோகும் என்பதெல்லாம் சேர்ந்துதான் கோப்பையில் விழுகிறது. அதனால் சாப்பிடும் விதத்தை மாற்ற வேண்டுமென்றால், ஒருவரோடு ஒருவர் பழகும் விதத்தையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். கடந்த பத்து மாதமாக எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். நான் வைத்தியர் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். ஆனாலும் இரண்டு பிள்ளைகள், மனைவி, அம்மா, அப்பா என்று ஆறு பேர் ஒரே மேசையில் சாப்பிடும் வீட்டிலிருந்து சொல்லக்கூடியவை சில இருக்கின்றன.

ஏன் இப்போது?

அப்பாவுக்கு 44 வயதில் நீரிழிவு வந்தது. எங்கட பேச்சில் சொன்னால் ‘சீனி வருத்தம்’. ரொறன்ரோவுக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. பகலில் தொழிற்சாலை, மாலையில் இன்னொரு வேலை, சாப்பாடு இரவு பதினொரு மணிக்கு. இப்போது அவருக்கு 68 வயது. கிழமையில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணித்தியாலம் டயாலிசிஸ். அவரைக் கொண்டுபோய் விடும் நாட்களில் அங்கே காத்திருக்கும் இடத்தில் எப்போதும் ஒரு தமிழ்க் குரலாவது கேட்கும்.

போன வருடம் எனக்கு எடுத்த இரத்தப் பரிசோதனையில் ‘ஏ1சி’ 6.1 என்று வந்தது. கடைசி இரண்டு மூன்று மாதங்களில் இரத்தத்தில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்பதைக் காட்டும் எண் அது. கனடாவில் 6.0 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்திய நிலை, 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. அமெரிக்காவில் 5.7 இலேயே எச்சரிக்கை தொடங்கிவிடும். பார்ப்பவர்கள் யாரும் என்னைக் குண்டு என்று சொல்லமாட்டார்கள். எனக்கு வயது 35.

இந்த ‘மெலிந்த ஆளுக்கும் சீனி’ என்பது எங்களுக்குப் புதிதல்ல. 2004 இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு விஞ்ஞானிகளின் படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த டொக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டொக்டர் ஜோன் யுட்கின். உயரத்துக்கும் எடைக்குமான விகிதம், அதாவது பிஎம்ஐ, இருவருக்கும் அச்சொட்டாக 22.3. ஆனால் உடலில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எண், இரண்டு வேறு உடம்பு. தெற்காசியர்களுக்கு, அதுவும் வயிற்றைச் சுற்றி, வெளியே தெரியாமல் கொழுப்புச் சேருகிறது என்பதை அந்த ஒரு படம் விளங்கப்படுத்தியது.

அதே 2004 இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும், ஆசியர்கள் விஷயத்தில் பிஎம்ஐ 25 வரும்வரை பார்த்திருக்காமல் 23 இலேயே கவனிக்கத் தொடங்க வேண்டும் என்றது. வீட்டில் ஒரு அளவு நாடா இருந்தால் இன்னொன்றையும் பார்க்கலாம். தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. அதற்கு மேலே போனால் குடும்ப வைத்தியரிடம் ஒரு பரிசோதனை கேட்பது நல்லது.

நல்ல செய்தியும் இருக்கிறது. அமெரிக்காவில் 2002 இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்தவர்கள் எடையில் 7 சதவீதம் குறைப்பது, கிழமைக்கு 150 நிமிடம் நடப்பது போன்ற இலக்குகளோடு வாழ்ந்தபோது, நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. “அது வெள்ளைக்காரருக்கு” என்று மாமாமார் சொல்லக்கூடும். சென்னையில் டொக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006 இல் வந்தது. சோறு சாப்பிடுகிற எங்கட ஆட்கள்தான். சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களுக்கு 28.5 சதவீதம் குறைந்தது. குறைவான எண்தான், ஆனால் மாத்திரை கொடுத்த குழுவில் கிடைத்த பலனுக்கு அது எந்த வகையிலும் குறைவில்லை. பரம்பரை வருத்தம், வந்தே தீரும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

சோறு கடைசியாக வரட்டும்

2019 ஜனவரியில் கனடா தன் உணவு வழிகாட்டியைப் புதுப்பித்தது. கோப்பையில் அரைவாசி மரக்கறியும் பழமும், கால்வாசி புரதம், கால்வாசி முழுத்தானியம், குடிக்கத் தண்ணீர். இதை எங்கள் கோப்பையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவில் மலை மாதிரிச் சோறு. பக்கத்தில் உருளைக்கிழங்குப் பிரட்டல். ஒரு கரண்டி பருப்பு, இரண்டு துண்டு மீன், கோப்பையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சம் வறை. உருளைக்கிழங்கு மரக்கறிக் கடையில் வாங்கினாலும் சேருவது சோற்றின் பக்கம்தான். ஒரு அளவுக் கப் வெள்ளைச் சோற்றில் ஏறக்குறைய 45 கிராம் மாச்சத்து இருக்கிறது. கிட்டத்தட்ட 200 கலோரி. எங்கள் அகப்பையால் இரண்டு தரம் அள்ளிப் போட்டால் அது ஒரு கப்போடு நிற்காது.

நாங்கள் சோற்றை நிறுத்தவில்லை. நிறுத்தினால் இரண்டு கிழமைக்கு மேல் தாக்குப்பிடிக்காது என்று எனக்குத் தெரியும். மாற்றியது இரண்டே விஷயம். முதலாவது, சோற்றுப் பானை மேசைக்கு வராது, அடுப்படியிலேயே இருக்கும். மேசைக்கு வருவது மரக்கறி, மீன், பருப்பு, சம்பல். இரண்டாவது கரண்டி சோறு வேண்டுமென்றால் எழுந்து போய்ப் போட்டுக்கொள்ளலாம், யாரும் தடுப்பதில்லை. ஆனால் எழுந்து போவதற்கு முன் ‘உண்மையிலேயே வேணுமா’ என்று வயிற்றைக் கேட்க ஒரு நிமிடம் கிடைக்கும். மென்பொருளில் இதை ‘டிஃபோல்ட்’ என்போம். ஒரு செயலியை நிறுவும்போது அதில் எது ஏற்கெனவே தெரிவாகி இருக்கிறதோ, பெரும்பாலானவர்கள் அதையே வைத்திருப்பார்கள். மேசையும் அப்படித்தான். கைக்கெட்டிய தூரத்தில் எது இருக்கிறதோ அதுதான் கூடச் சாப்பிடப்படும்.

இரண்டாவது மாற்றம், வரிசை. முதலில் மரக்கறியும் மீனும், சோறு பிறகு. 2015 இல் நியூயோர்க்கில் வைல் கோர்னெல் மருத்துவக் கல்லூரி ஒரு சிறிய ஆய்வு செய்தது. நீரிழிவு உள்ள 11 பேர், அதே சாப்பாடு, வரிசை மட்டும் வேறு. மரக்கறியையும் கோழியையும் முதலில் சாப்பிட்டு, பாணையும் பழரசத்தையும் பிறகு எடுத்த நாளில், ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு இரத்தச் சர்க்கரை 37 சதவீதம் அளவுக்குக் குறைவாக இருந்தது. 11 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் காசு செலவில்லாத, யாரையும் நோகடிக்காத மாற்றம் என்பதால் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

மரக்கறி என்றால் அவித்த புரொக்கோலி என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். கேல் இலையை நடுத்தண்டு நீக்கி மிகச் சிறிதாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கடுகு, கொஞ்சம் தேங்காய்ப்பூவோடு வறுத்தால் முருங்கையிலை வறைக்குப் பக்கத்தில் வந்துவிடும். கோவா வறை, போஞ்சி, பீற்றூட், வெண்டிக்காய் எல்லாம் எங்களிடமே இருக்கிறது. அளவு மட்டும் ஊறுகாய் அளவிலிருந்து கறி அளவுக்கு ஏற வேண்டும். பிட்டு அவிக்கும் நாளில் மாவின் அளவைக் குறைத்து, அரிந்த கீரையையும் கரட்டையும் கலந்து அவிக்கிறோம். குரக்கன் மா, சிவப்பரிசி மா நல்லதுதான், ஆனால் அவையும் மாதான். ‘குரக்கன் தானே’ என்று நான்கு துண்டு பிட்டுச் சாப்பிட்டால் கணக்கு பழையபடி வந்துவிடும்.

தேத்தண்ணியையும் மறக்கக் கூடாது. ஒரு தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி சீனி, நாளைக்கு நான்கு தேத்தண்ணி என்றால் எட்டுக் கரண்டி, அதாவது 32 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் விரும்பத்தக்க எல்லை நாளுக்கு 25 கிராம் அளவில். பிஸ்கட்டைத் தொடும் முன்பே எல்லை தாண்டியாயிற்று. இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, அடுத்த மாதம் ஒன்றாக்கினால் நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு எச்சரிக்கை. இன்சுலின் அல்லது சீனி மாத்திரை எடுப்பவர்களுக்குச் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கலாம். முதலில் வைத்தியரிடம் கதைத்து மருந்தின் அளவைப் பார்க்க வேண்டும். சிறுநீரக நோயாளிகளுக்குக் கீரை, பருப்பு, முழுத்தானியம் எல்லாமே கட்டுப்பாட்டோடுதான். அப்பாவின் கோப்பை வேறு. அது அவருடைய உணவு ஆலோசகர் சொன்னபடி. மேசை மட்டும் ஒன்று.

எவ்வளவு என்பதைப் பிள்ளை சொல்லட்டும்

பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுப்பது பற்றி அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாற்றர் 1980களிலிருந்து சொல்லிவரும் ஒரு பங்கீடு உண்டு. எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெற்றோரின் பொறுப்பு. சாப்பிடுவதா இல்லையா, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் பொறுப்பு. எங்கள் வீடுகளில் இது பெரும்பாலும் தலைகீழ். எதைச் சாப்பிடுவது என்று பிள்ளை முடிவெடுக்கும் (“எனக்கு நகெற்ஸ்தான் வேணும்”), எவ்வளவு என்று பெரியவர் முடிவெடுப்பார் (“கோப்பை காலியாகாமல் எழும்பக் கூடாது”).

வயிறு நிறைந்ததை உடம்பு தானே சொல்லும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த அறிவிப்பு நன்றாகவே கேட்கும். நாள்தோறும் “இன்னும் ரெண்டு வாய்” என்று சொல்லிச் சொல்லி நாங்கள்தான் அதைக் கேளாமல் இருக்கப் பழக்குகிறோம். பிறகு முப்பது வயதில் காசு கொடுத்து ஒரு ஆலோசகரிடம் போய் ‘பசித்தால் மட்டும் சாப்பிடுவது எப்படி’ என்று படிக்கிறோம்.

இதை அம்மாவிடம் சொல்வதுதான் கடினம். என் மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. இருவருக்கும் அப்பம்மாவின் கைதான் சாப்பாடு.

“பிள்ளை ஒண்டும் சாப்பிடேல்லை தம்பி. ரெண்டு வாய்தான் வச்சவள்.”

“காணும் எண்டு சொன்னவள் அம்மா. பசிச்சால் கேப்பாள்.”

“நீயும் கேட்டனி. அப்ப என்னட்டை இருக்கேல்லை.”

அதற்குப் பிறகு நான் விவாதிக்கவில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. 1995 ஒக்ரோபர் 30 இரவு இலட்சக்கணக்கான சனத்தோடு நாங்களும் நடந்தோம். எனக்கு அப்போது ஐந்து வயது, இன்றைய என் மகனின் வயது. இல்லாத நாளில் பிள்ளை பசி என்று கேட்டதைக் கேட்ட ஒரு தாய்க்கு, பிள்ளை ‘காணும்’ என்று சொல்வது எளிதில் காதில் ஏறாது. பொய் சொல்கிறது, வெட்கப்படுகிறது, இன்னும் கொஞ்சம் வைத்தால் சாப்பிடும் என்றுதான் தோன்றும். எங்கள் அம்மாமாரின் அகப்பையில் இருப்பது பிடிவாதம் மட்டும் இல்லை. ஊரை விட்டு வரும்போது கூடவே வந்த பயமும் அதில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களிலும் ரேஷன் அரிசி வரிசையில் நின்ற பாட்டிமார் இருப்பார்கள். அவர்களிடம் கலோரிக் கணக்கு கதைத்தால் “எங்களுக்குப் பாடம் எடுக்க வந்திட்டியள்” என்றுதான் வரும்.

அதனால் அம்மாவின் கையிலிருந்து அகப்பையை வாங்க வேண்டாம் என்று மனைவியும் நானும் முடிவெடுத்தோம். பங்கீட்டில் ‘எதை, எப்போது’ என்பது முழுவதும் அம்மாவுக்கு. கிழமைக்கு ஒரு மரக்கறி அம்மா தெரிவு செய்வார், பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து கழுவி அரிவார், ஊரில் அது எங்கே காய்த்தது, யார் வளவில் களவாகப் பிடுங்கினார்கள் என்ற கதையும் கூடவே வரும். ‘எவ்வளவு’ மட்டும் பிள்ளைகளுக்கு. சாப்பிடாமல் எழும்பினால் திட்டு இல்லை. அடுத்த சாப்பாடு வரை பிஸ்கட்டும் இல்லை. இரண்டு மணித்தியாலம் கழித்துப் பசித்தால் பழம் இருக்கிறது. “சாப்பிட்டால் சொக்லேட் தருவன்” என்ற பேரமும், ஐபாட்டை முன்னால் வைத்து ஊட்டுவதும் நின்றன.

முதல் மூன்று கிழமை அம்மாவுக்குத்தான் கஷ்டம். மகன் ஒருநாள் இரவு ஒன்றுமே சாப்பிடாமல் படுத்தான். அம்மா இரண்டு தரம் எழும்பிப் போய் அவனைப் பார்த்தார். காலையில் அவன் மூன்று தோசை சாப்பிட்டான். “இவன் சொன்னது சரிதான் போல” என்று அம்மா யாருக்கோ சொல்வது போலச் சொன்னார்.

புதிய மரக்கறியைப் பிள்ளை முதல் தரம் தள்ளிவிட்டால் அது முடிவு இல்லை. எட்டுத் தொடக்கம் பதினைந்து தரம் வரை கண்ணில் காட்டி, மணக்க விட்டு, நுனி நாக்கில் வைத்துப் பழக்க வேண்டும் என்று குழந்தை உணவியலில் சொல்வார்கள். வற்புறுத்தினால் அந்தக் கணக்கு இன்னும் நீளும். பீற்றூட் எங்கள் மேசையில் மாதக் கணக்காக வந்துபோனது. இப்போது மகள் அதைக் கேட்டு வாங்குகிறாள். பாகற்காய் இன்னும் வந்துபோய்க்கொண்டிருக்கிறது.

உபசரிப்பும் வற்புறுத்தலும்

வீட்டுக்குள் நடந்த மாற்றமெல்லாம் சனிக்கிழமை இரவு ஒரு பிறந்தநாள் விழாவில் கரைந்துவிடும். நேரம் 6 மணி என்று அழைப்பிதழில் இருக்கும். ஏழரைக்கு றோல்ஸ், பற்றிஸ், வடை, சோடா. ஒன்பது மணிக்குக் கேக். பத்து மணிக்குக் கொத்துரொட்டி, பிரியாணி, பிறகு வட்டிலப்பம். பிள்ளைகள் பாதி நித்திரையில் சாப்பிடுவார்கள். இதில் யாருடைய தவறும் இல்லை, இப்படித்தான் என்று பழகிப்போனது, அவ்வளவுதான். வழக்கமாகப் பழகியவற்றை நாலு குடும்பம் சேர்ந்தால் மாற்றலாம்.

எங்கள் நண்பர் வட்டத்தில் ஆறு குடும்பங்கள் சேர்ந்து மூன்று விஷயத்தைப் பேசி வைத்தோம். முதலாவது, பிள்ளைகள் வரும் ஒன்றுகூடலில் சாப்பாட்டு நேரத்தை அழைப்பிலேயே எழுதுவது: “சாப்பாடு 6.30க்கு.” பிந்தி வருபவர்களுக்குப் பெட்டியில் எடுத்து வைக்கலாம். இரண்டாவது, மேசையில் முதலில் தண்ணீரும், அரிந்த பழமும், கடலைச் சுண்டலும். பொரித்த பலகாரம் ஒரே ஒரு வகை. மூன்றாவது, கேட்பது ஒரு தரம். “இன்னும் கொஞ்சம் போடட்டே?” என்று ஒருமுறை கேட்கலாம். “காணும்” என்று வந்தால் அதோடு விட வேண்டும்.

மூன்றாவதுதான் பெரியவர்களுக்கு உறுத்தியது. “ஒரு தரம் கேட்டிட்டு விட்டால் மனசோட கேக்கேல்லை எண்டு நினைப்பினம்.” உண்மைதான். எங்கள் பண்பாட்டில் முதல் மறுப்பு மரியாதைக்கு, இரண்டாவது வெட்கத்துக்கு, மூன்றாவதுதான் உண்மை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. அவர்கள் முதல் தரமே உண்மையைச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ‘வேண்டாம் என்றால் வேண்டாம்’ என்று சொல்லிக் கொடுக்கிறோம். வீட்டில் அதே பிள்ளை ‘காணும்’ என்றால் யாரும் கேட்பதில்லை. இரண்டும் ஒரே பாடம் என்று எனக்குப் படுகிறது.

அதே நேரம் பிள்ளைக்கு மறுக்கும் விதத்தையும் பழக்க வேண்டும். “ஐ டோன்ற் லைக் திஸ்” என்று முகத்தைச் சுளித்தால் சமைத்தவருக்கு நோகும். எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்த வசனங்கள் மூன்று: “நல்ல ருசி மாமி, இப்ப காணும்.” “கொஞ்சமாப் போடுங்கோ, முடிச்சிட்டுக் கேக்கிறன்.” “வீட்டை கொண்டுபோய்ச் சாப்பிடட்டே?” கடைசி வசனம் வேலை செய்யாத வீடே இல்லை. சமைத்தவர் மகிழ்ச்சியாகப் பெட்டி தேடுவார், பிள்ளையின் தமிழும் ஒரு படி ஏறும்.

இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே வரும் வரவேற்பு: “என்ன, நல்லா உடம்பு வச்சிட்டாய்!” அல்லது “என்னடி, இப்படி மெலிஞ்சு போனாய், அம்மா சாப்பாடு தாறேல்லையே?” ஊரில் இது நலம் விசாரிப்பு. பதின்மூன்று வயதில் கண்ணாடி முன்னால் நிற்கும் பிள்ளைக்கு இது நலம் விசாரிப்பாகக் கேட்காது. சிலர் அந்த ஒரு வசனத்தை வருடக் கணக்காகச் சுமப்பார்கள், சிலர் ஒளித்துச் சாப்பிடுவார்கள், சிலர் சாப்பிடாமல் விடுவார்கள். பெரியவரைத் திருத்த அந்த இடத்தில் நின்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. “மாமி, அவள் இப்ப நீச்சல்ல ரெண்டாம் நிலைக்குப் போயிட்டாள், கேளுங்கோ” என்று கதையைத் திருப்பிவிடலாம். பிள்ளையின் உடம்பைப் பற்றிய பேச்சு அவள் செய்த ஒன்றைப் பற்றிய பேச்சாக மாறும். வீட்டிலும் அப்படியே. பிள்ளைகளை நாங்கள் நிறுப்பதில்லை, ‘டயற்’ என்ற சொல்லை அவர்கள் முன்னால் பயன்படுத்துவதில்லை. மாறுவது வீட்டுச் சாப்பாடு, ஆறு பேருக்கும் சேர்த்து.

மேசையும் பத்து நிமிட நடையும்

கனடாவின் உணவு வழிகாட்டியில் ‘மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடுங்கள்’ என்று ஒரு வரி இருக்கிறது. பிரேசில் 2014 இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே வலியுறுத்துகிறது. கால்சியம், விற்றமின் போன்றவற்றோடு இதையும் ஏன் எழுதுகிறார்கள்? 2010 இல் ஜூலியான் ஹோல்ட்-லுன்ஸ்ராட் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பற்றிய 148 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உறவுகள் பலமாக இருந்தவர்கள் அந்தந்த ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது. உறவு என்பதும் உடம்பைப் பாதுகாக்கும் ஒன்று.

ஒவ்வொரு நாளும் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது எங்களுக்கு முடியாது. நீச்சல், மிருதங்க வகுப்பு, தமிழ் வகுப்பு, அப்பாவின் டயாலிசிஸ், என் இரவு நேர அலுவலகக் கூட்டங்கள். கிழமைக்கு நான்கு நாள் என்று வைத்தோம். அந்த நான்கு நாளும் போன்கள் எல்லாம் அடுப்படியில் ஒரு கடகத்துக்குள் போகும், என்னுடையதும் சேர்த்து. “பள்ளிக்கூடம் எப்பிடி?” என்று கேட்டால் “ஓகே” என்று ஒரு சொல்தான் வரும். அதனால் ஆளுக்கொரு கேள்வி: “இண்டைக்கு ஆர் உன்னைச் சிரிக்க வைச்சது?” “ஆருக்கு உதவி செய்தனி?” அப்பாவும் பதில் சொல்ல வேண்டும் என்பது மகளின் சட்டம். வருத்தத்தைத் தவிர வேறொன்றும் கதைக்காமலிருந்த அப்பா, தான் பள்ளிக்கூடத்தில் கரப்பந்தாட்டம் விளையாடிய கதையை இந்த மேசையில்தான் முதல் தரம் சொன்னார். எனக்கே அது தெரியாது.

சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் 2016 இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு உள்ளவர்கள் நாளில் ஒருமுறை 30 நிமிடம் நடந்ததைவிட, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு 10 நிமிடம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பின்னான சர்க்கரை குறைவாக இருந்தது. அதுவும் மாச்சத்து கூடிய இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பலன் அதிகம். சோறு சாப்பிடுகிற எங்களுக்கென்றே சொன்னது போல. கோடையில் தெருவைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரிந்ததே இந்த நடையில்தான். தை மாதக் குளிரில் பேஸ்மென்றில் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு ஆட்டம். அதுவும் நடைதான்.

எங்கே தொடங்குவது?

பத்து மாதத்துக்குப் பிறகு என் ஏ1சி 5.8. “இப்பிடியே கொண்டுபோங்கோ” என்றார் வைத்தியர். ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். ஒரே வீட்டின் ஒரு எண் யாருக்கும் உத்தரவாதம் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் இந்தப் பத்து மாதம் ஓடியிருக்காது என்பது மட்டும் நிச்சயம். ஒரு மென்பொருளில் பத்து மாற்றத்தை ஒன்றாகப் போட்டால் எது உடைத்தது, எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது. வீட்டிலும் மாதத்துக்கு ஒன்று போதும்.

முதல் மாதம் சோற்றுப் பானையை அடுப்படியில் விடுங்கள். இரண்டாம் மாதம் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் நடங்கள். மூன்றாம் மாதம் போன் கடகம். நான்காம் மாதம் உங்கள் நண்பர் வட்டத்தில் சாப்பாட்டு நேரத்தைப் பற்றிப் பேச்செடுங்கள். உங்களுக்கு முப்பது வயது தாண்டி, பெற்றோரில் ஒருவருக்காவது சீனி வருத்தம் இருந்தால், இதெல்லாவற்றுக்கும் முன்னால் குடும்ப வைத்தியரிடம் போய் ஒரு ஏ1சி பரிசோதனை கேளுங்கள்.

‘காணும்’ என்ற சொல்லுக்கு மட்டும் மாதக் கணக்குத் தேவையில்லை. அதை இன்றைக்கு இரவே தொடங்கலாம். பிள்ளை கோப்பைக்கு மேல் கையை விரித்தால் அகப்பையைத் திருப்பிச் சட்டிக்குள் வைத்துவிடுங்கள். கொஞ்ச நாளைக்குக் கை தானாக நீளும். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இன்னும் நீளுகிறது, இடையில் நின்று “காணுமே பிள்ளை?” என்று கேட்கிறது. மகள் “காணும் அப்பம்மா” என்றால் அம்மா அடுத்த ஆளிடம் போகிறார்.